காணாமல் போன 2537

2537. வடிவிடம் வீட்டு ரேஷன் கார்டு எண்ணைக் கேட்டால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வாள். இந்த எண்ணைக் கேட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவாள். பாதரச விளக்கின் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புற ஊதாக் கோடு உண்டு. ஒளியின் அலைநீளத்தை அளக்கும் ஆங்ஸ்ட்ராம் கணக்கில் அதன் இடம் 2537. 1995 ஏப்ரலில், மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறைக்குள் அந்தக் கோடு காணாமல் போனது. தேடிக் கொண்டுவரும் வேலை வடிவின் தலையில் விழுந்தது.

அப்போது அவளுக்கு வயது இருபத்தேழு. பிறந்தது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கர்நாடகத்து ஹனூருக்குப் பக்கத்தில். அப்பா கட்டட வேலைக்கு மைசூர் வந்தபோது குடும்பமும் வந்தது. பள்ளிக்கூடம் கன்னடத்தில், பிறகு ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படிப்பு. அந்த வகுப்பில் பெண் என்று அவள் ஒருத்திதான். டெய்லரிங் படித்தால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமே என்று சொன்னவர்களிடம், "வீட்டுலயே இருக்கறதுக்கு எதுக்குங்க படிப்பு?" என்று கேட்டாள். படிப்பு முடிந்த கையோடு லிங்கப்பனின் பட்டறையில் சேர்ந்தாள்.

லிங்கப்பன் கொள்ளேகால்காரர். கல்லூரிகளுக்கு மைக்ராஸ்கோப்பும் ஸ்லைடு புரொஜெக்டரும் செய்து விற்றவர். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார், கோபம் வந்தால் முழுக் கன்னடம். குஜராத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடம் ஒளியைப் பிரித்துக் காட்டும் பெரிய நிறமாலைக் கருவி ஒன்றைச் செய்து தர இந்தியாவில் யாராவது உண்டா என்று விசாரித்தபோது, உண்டு என்று முதலில் சொன்னவர் அவர்தான். எப்படிச் செய்வது என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. அதற்கென்று தூசி புகாத ஓர் அறை வேண்டும் என்றாள் வடிவு. கொத்தனார் பக்கத்தில் நின்று, ஜன்னல் எந்த மூலையில் வரக்கூடாது என்பது வரை சொல்லிக் கட்ட வைத்தாள். பட்டறையில் எல்லோரும் அதை "வடிவு ரூம்" என்றே சொன்னார்கள்.

அந்தக் கருவி எதற்கு என்று வீட்டில் கேட்டது மாதம்மா. வடிவின் கணவன் அருண்ராஜுக்கு அக்கா. வடிவு ஊர் வழக்கப்படி அவளை நங்கையா என்று கூப்பிடுவாள். அருண்ராஜ் நஞ்சன்கூடு ஆலைக்குக் காலை ரயிலில் போய்விட்டால் வீட்டில் பேச்சுத்துணை இந்த இருவரும்தான். மாதம்மா வாசலில் பலகை போட்டு ஊதுபத்தி உருட்டுவாள். கை நிற்காது, வாயும் நிற்காது.

"சூரியன்ல நடக்கறத ஒரு வடைக்குள்ள நடத்திப் பாக்கறாங்க நங்கையா."

"வடைக்குள்ளயா?"

"உளுந்து வடை மாரி வட்டமா ஒரு இரும்புக் கூடு. நடுவுல ஓட்டை. கூட்டுக்குள்ள ஹைட்ரஜன் வாயுவ உட்டு, கரண்ட்டக் குடுத்துச் சூடு பண்ணுவாங்க. லச்சக்கணக்குல சூடு. செவுத்துல படாம காந்தம் புடிச்சு நிறுத்தும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிரும்."

"அதுல உனக்கென்ன வேல?"

"அதுக்குள்ள தெர்மாமீட்டர உட முடியாது. உட்டா அதுவும் ஆவியாயிரும். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியா வெளிச்சம் மட்டுந்தான் வெளிய வரும். அந்த வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தா உள்ள எத்தன சூடு, என்ன அழுக்கு கலந்திருக்குதுன்னு தெரியும். பிரிக்கற பொட்டிய நாங்க செய்யறோம்."

"டாக்டரு நாக்க நீட்டச் சொல்ற மாரி."

"அதேதான்."

"அப்ப நல்ல வேலதான்," என்று சொல்லிவிட்டு மாதம்மா அடுத்த குச்சியை எடுத்தாள்.

கருவி ஆள் நீளத்துக்கு ஓர் உலோகப் பெட்டி. ஒரு முனையில் மயிரிழை அகலத்தில் ஒரு பிளவு. அதன் வழியே நுழையும் ஒளி ஒரு குழியாடியில் பட்டு, கிரேட்டிங் என்னும் தகட்டுக்குப் போகும். கண்ணால் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமாகக் கோடு கீறிய தகடு அது. ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிப்பது அதுதான். பிரிந்த ஒளி இன்னொரு குழியாடியில் பட்டு, ஒளியை மின்சாரமாக மாற்றும் உணர்குழாயில் விழும். குழாயின் மறுமுனையில் காகிதச் சுருளும் அதன்மேல் ஓடும் பேனாவும். ஒளி எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே பேனா மேலே ஏறும். பிப்ரவரி மாதப் பரிசோதனையில் பாதரச விளக்கை வைத்தபோது 2537-இல் பேனா காகிதத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கியது. வடிவு அந்தக் காகிதத்தைக் கிழித்து அறைச் சுவரில் ஒட்டினாள்.

சிவராத்திரி கழிந்து பெட்டி கிளம்பியது. கிரேட்டிங்கை மட்டும் கழற்றி, அது வெளிநாட்டிலிருந்து வந்த காற்றுப் புகாத டப்பாவிலேயே போட்டு மூடினாள். ஆராய்ச்சிக்கூடத்து ஆள் ஒருவர் வந்து அதைக் கையோடு வாங்கிப் போனார். குழியாடிகள் இரண்டும் கருவிக்குள்ளேயே இருந்தன. கருவியை மரப்பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஸ்பாஞ்சு அடைத்து, ஈரம் உறிஞ்சும் பைகளைப் போட்டார்கள். மூடி அறையும் முன் லிங்கப்பன் வந்து, மஞ்சள் காகிதம் சுற்றிய பெரிய ஊதுபத்திக் கட்டு ஒன்றைத் தன் கையால் ஓரத்தில் செருகினார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அது அவர் வழக்கம். மைசூரிலிருந்து போகும் பெட்டி வெறும் பெட்டியாகப் போகக்கூடாது என்பார். ஊதுபத்திக்கு நன்றி சொல்லிக் கல்லூரிகள் அவருக்கு எழுதியிருக்கின்றன. மைக்ராஸ்கோப்புக்கு நன்றி சொல்லி யாரும் எழுதியதில்லை.

ஏப்ரலில் பெட்டி அதே லாரி சர்வீஸில் திரும்பி வந்தது. பின்னாலேயே உதயகுமார் வந்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒளி அளவைகளைக் கவனிக்கும் விஞ்ஞானி, சொந்த ஊர் சேலம். கையில் கிரேட்டிங் டப்பா.

"சிவப்பு நல்லா வருது, பச்சை நல்லா வருது, நீலமும் பரவாயில்லை. புற ஊதாவுக்குப் போனா இருட்டு மேடம்," என்றார். "எங்களுக்கு வேண்டியதே அங்கதான் இருக்கு. மெஷின் சுவத்துலேருந்து கார்பனும் ஆக்ஸிஜனும் பெயர்ந்து உள்ள கலக்கும். கலந்தா சூடு இறங்கிடும். எவ்வளவு கலக்குதுன்னு காட்டுற கோடுங்க எல்லாம் அந்த இருட்டுலதான் மாட்டியிருக்கு."

"என்னைய மேடம்னு கூப்புடாதீங்க சார். பேங்க்குல உக்காந்திருக்கற மாரி இருக்குது."

"சரி, வடிவு. விஷயம் இதுதான். மே மாசம் எங்க கமிட்டி கூடுது. இன்னும் மூணு கருவி வாங்கணும். இது சரியா வேலை செஞ்சா மூணும் இங்க. இல்லேன்னா ஜெர்மனிக்குப் போயிடும்."

லிங்கப்பன் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிஸ்கட் ஏஜென்ட் ஒருவர் தூசி புகாத அந்த அறையைக் குடோனுக்குக் கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்தார். மைக்ராஸ்கோப்புக்கு அப்படி ஓர் அறை தேவையில்லை. மூன்று கருவிகளும் கைவிட்டுப் போனால் வடிவு ரூமில் பிஸ்கட் பெட்டி அடுக்குவார்கள். வடிவு சுவரில் ஒட்டிய காகிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, விளக்கை எடுத்து வைத்தாள்.

பேனா ஓடியது. பச்சையில் ஏறியது, ஊதாவில் ஏறியது. 2537 வந்தபோது கொசு கடித்த தடிப்பு போல ஒரு சின்ன மேடு போட்டுவிட்டுக் கடந்து போனது.

"உங்க ஆளுங்க யாரோ மூடியத் தொறந்து வெச்சிருக்காங்க சார்," என்றாள் வடிவு, சந்தேகமே இல்லாத குரலில். "காத்த உறிஞ்சற பம்ப்பு எண்ணெயோட ஆவி பட்டுருச்சு."

"பம்ப் இருக்கிறது வேற கட்டடம். மரப்பெட்டியை உடைச்ச அன்னிக்கே டெஸ்ட் பண்ணினேன். அன்னிக்கே இப்படித்தான்."

வடிவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பதில் சரியாக இருந்தது. விளக்கை மாற்றினாள். உணர்குழாயை மாற்றினாள். பிளவைக் கழற்றி மாட்டினாள். மேடு மேடாகவே இருந்தது. ஆடிகளுக்கு அலுமினியம் பூசிய பெங்களூர்க்காரர்கள்மேல் லிங்கப்பனுக்குச் சந்தேகம். ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவதற்கு டெலிபோனை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்கண்ணா," என்று தடுத்தாள் வடிவு. ஆடி பூசும்போது கூடவே சில கண்ணாடிச் சில்லுகளையும் பூசித் தருவார்கள், பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அவை அலமாரியில் இருந்தன. ஒன்றை எடுத்து, விளக்கொளி அதில் பட்டுத் திரும்பும்படி வைத்துப் பார்த்தாள். புற ஊதா குறையில்லாமல் திரும்பி வந்தது. பூச்சில் தவறில்லை. அப்படியானால் வழியில்தான் ஏதோ நடந்திருக்கிறது. மைசூருக்கும் குஜராத்துக்கும் நடுவே, ஆணி அறைந்த பெட்டிக்குள்.

டீ வந்தது. மூவரும் வாசலில் நின்று குடித்தார்கள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றார் உதயகுமார். "உங்க பெட்டியைத் திறந்ததும் எங்க ஹால் முழுக்கக் கோயில் வாசனை. செருப்பை வெளியில விட்டுட்டு வரணுமான்னு பசங்க கேட்டாங்க."

லிங்கப்பனுக்கு முகம் மலர்ந்தது. வடிவும் சிரித்தாள். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய், கருவியின் மூடியைத் தூக்கிக் குனிந்து மூச்சை இழுத்தாள்.

"சார், இங்க வாங்க. இப்ப வாசன வருதுங்களா?"

"நல்லா வருதே. உங்களுக்கு வரலையா?"

வரவில்லை. லிங்கப்பனைக் கூப்பிட்டாள். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, டீ வாசனைதான் வருகிறது என்றார். என்.ஆர். மொஹல்லாவில் வடிவின் தெருவில் வீட்டுக்கு வீடு ஊதுபத்தி உருட்டுகிறார்கள். லிங்கப்பனின் மனைவி வீட்டாருக்கு அதுவே வியாபாரம். இருவருடைய மூக்கும் அந்த வாசனையைக் கவனிப்பதை எப்போதோ விட்டுவிட்டிருந்தன.

அன்று மாலை மாதம்மாவின் பலகைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நங்கையா, வாசன எப்படி ஏத்தறாங்க?"

"உருட்டிக் காயவெச்சதக் கம்பெனில வாசன எண்ணெயில முக்குவாங்க. செண்ட்டு கொஞ்சந்தான். அதுல இன்னொரு எண்ணெயக் கலப்பாங்க. அதுக்குன்னு ஒரு வாடையும் கெடையாது, லேசுல காயவும் காயாது. செண்ட்டப் பறக்க உடாமப் புடிச்சு வெக்கறது அதுதான்."

"கையில பட்டா?"

"சோப்புப் போட்டாலும் வழுவழுன்னு இருக்கும். எதுக்குக் கேக்கற?"

வடிவு தன் முந்தானையை எடுத்து முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. பயம் அப்போதுதான் வந்தது. அந்தக் கருவியை மாதக்கணக்காகக் கட்டிக்கொண்டு கிடந்தவள் அவள். அந்த எண்ணெய் ஊதுபத்திக் கட்டிலிருந்து போனதா, தன் சேலையிலிருந்தே போனதா?

மறுநாள் பட்டறைக்கு மூன்று எவர்சில்வர் டிபன் டப்பாக்களோடு போனாள். முதல் டப்பாவில் ஒரு சில்லை மட்டும் வைத்தாள். இரண்டாவதில் ஒரு சில்லும், அதைத் தொடாமல் சில ஊதுபத்திகளும். மூன்றாவதில் ஒரு சில்லும், தான் கட்டிப் பழகிய சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டும். மூன்றையும் கூரைத் தகரத்தின் மேல் வெயிலில் வைக்கப் போனபோது லிங்கப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிடிக்காத முகத்தோடு.

"ஏனம்மா இது? இத்தன வருஷமா வெக்கறேன். ஒரு மைக்ராஸ்கோப்பு கெட்டிருக்கா?"

"மைக்ராஸ்கோப்பு கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துல வேல செய்யுதுங்கண்ணா. அந்த எண்ணெய் அதுக்குக் கண்ணாடி மாரி. புற ஊதாவுக்கு அதுவே கறுப்புத் துணி."

"சாமி பேரச் சொல்லி வெக்கறது அம்மணி."

"சாமிய நான் ஒண்ணும் சொல்லல. எண்ணெயத்தான் சொல்றேன். லாரி வெயில்ல பொட்டி பகல்ல சூடாகிக் காத்த வெளிய தள்ளும், ராத்திரி குளுந்து உள்ள இழுக்கும். இழுக்கறப்ப எதையும் சேத்துத்தான் இழுக்கும்."

"சேலத் துண்டு எதுக்கு?"

"தப்பு என்மேல இருந்தாலும் தெரியணுமல்லங்க."

லிங்கப்பன் ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

லாரிப் பயணத்துக்கு ஈடாகச் சில நாள் வெயில் பட்டபின் டப்பாக்களை இறக்கினார்கள். மூவரும் பேனாவைச் சுற்றி நின்றார்கள். தனியாக இருந்த சில்லு பழையபடி ஒளியைத் திருப்பியது. ஊதுபத்தியோடு இருந்த சில்லில் 2537 விழுந்தே விட்டது. கருவியில் பார்த்த அதே கொசுக்கடி. சேலைத் துண்டோடு இருந்த சில்லில் பேனா உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது, பத்தில் ஒரு பங்கு குறைவாக.

பிறகு லிங்கப்பன் கணக்குப் பார்த்தார்.

"ஒம்பது பங்கு நந்து, ஒரு பங்கு நிந்து," என்றார் தமிழும் கன்னடமும் கலந்து, முதலில் தன் மார்பையும் பிறகு வடிவையும் தொட்டுக் காட்டுவது போல விரலை நீட்டி.

"ஒத்துக்கறனுங்க," என்றாள் வடிவு.

"உள்ள கலக்குற அழுக்கைக் கண்டுபிடிக்கத்தான் கருவி கேட்டோம்," என்றார் உதயகுமார். "வரும்போதே மாதிரிக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பிட்டீங்க."

லிங்கப்பன் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காரணம் கிடைத்துவிட்டது, கருவி இன்னும் கிடைக்கவில்லை. ஆடிகளை பெங்களூருக்கு அனுப்பிப் புதிதாகப் பூசி வாங்கலாம், ஆனால் அதற்குள் கமிட்டி கூடிக் கலைந்துவிடும். துடைக்கலாம் என்றால், அலுமினியப் பூச்சு தோலைவிட மெல்லியது. தூசித் துணுக்கு ஒன்று துடைக்கும் காகிதத்தில் மாட்டினால் போதும், கீறல் விழுந்து ஆடியே போய்விடும். கிரேட்டிங் மட்டும் தனி டப்பாவில் போய்வந்ததால் தப்பித்திருந்தது. அதில் எண்ணெய் படிந்திருந்தால் துடைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

"அனுப்பிரலாம் அம்மணி," என்றார் லிங்கப்பன். "கமிட்டி போனாப் போகுது. ஆடியாவது மிஞ்சும்."

"ஆடிய மட்டும் வெச்சுக்கிட்டு என்னங்கண்ணா பண்றது? நான் துடைக்கறேன்."

"கை நடுங்கினா?"

"நடுங்குனா துடைக்க மாட்டேன்."

அவள் முதலில் துடைத்தது ஊதுபத்தி டப்பாவில் கெட்டுப்போன சில்லை. லென்ஸ் துடைக்கும் மெல்லிய காகிதத்தைச் சில்லின் மேல் பரப்பி, சுத்தமான கரைப்பானில் சில சொட்டு விட்டு, ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். விரல் அழுத்தக்கூடாது, காகிதம் தன் கனத்தில் வழுக்கி வர வேண்டும். ஒருமுறை இழுத்த காகிதத்தை மறுபடி தொடக்கூடாது. பேனாவில் பார்த்தாள். 2537 எழுந்து நின்றது. கீறலும் இல்லை.

ஆடிகளுக்குப் போகும் முன் பட்டறைக் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். முந்தின நாள் வாங்கி, வீட்டுக்கே கொண்டு போகாமல் பட்டறையில் வைத்திருந்த புதுப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டாள். லிங்கப்பனையும் உதயகுமாரையும் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். உதயகுமார் நின்றார். லிங்கப்பனால் நிற்க முடியவில்லை. தெருமுனை வரை போய்வந்தார், மறுபடி போனார்.

முதல் ஆடி சுலபமாக முடிந்தது. இரண்டாவதில் காகிதம் பாதியில் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே பிய்த்தால் பூச்சும் கூடவே வரும். வடிவு இழுப்பதை நிறுத்தினாள். ஓரத்தை விடாமல் பிடித்தபடி, இடது கையால் சொட்டு சொட்டாகக் கரைப்பானை விட்டு, காகிதம் நனைந்து தானாக நெகிழும் வரை காத்திருந்தாள். நெகிழ்ந்ததும் இழுத்தாள். ஆடி முழுதாக இருந்தது.

கிரேட்டிங்கை மாட்டி விளக்கை ஏற்றியபோது மூவரும் உள்ளே இருந்தார்கள். பேனா பச்சையைக் கடந்தது, ஊதாவைக் கடந்தது. கொஞ்ச தூரம் அடித்தரையில் ஓடியது. பிறகு ஏறத் தொடங்கி, ஏறிக்கொண்டே போய், உச்சிக்கு விரல்கடை கீழே திரும்பியது.

"பழைய ஒசரம் இல்லீங்க," என்றாள் வடிவு, சுவரில் இருந்த காகிதத்தோடு ஒப்பிட்டுவிட்டு. "கொஞ்சம் குறையுது."

"எங்களுக்கு இது தாராளம்," என்றார் உதயகுமார். "ஆனா ஒரு கண்டிஷன். நீங்களே அங்க வந்து மாட்டிக் கொடுக்கணும்."

"போயிட்டு வா அம்மணி," என்றார் லிங்கப்பன். "பிஸ்கட்டுக்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

மரப்பெட்டியைப் புதிதாகச் செய்தார்கள். பழைய பலகையில் எண்ணெய் ஊறியிருக்கும் என்று வடிவு அதைத் தொடக்கூட விடவில்லை. மூடி அறையும் நேரத்துக்கு லிங்கப்பன் வழக்கம்போல வந்து நின்றார், கையில் மஞ்சள் காகிதக் கட்டோடு. வடிவு அவரைப் பார்த்தாள். அவர் கட்டைப் பார்த்தார். பிறகு லாரியைச் சுற்றிக்கொண்டு போய், அதை டிரைவர் மடியில் போட்டுவிட்டு வந்தார்.

"வண்டி வெறுமையாப் போகக்கூடாதல்லவா," என்றார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மாதம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "என் கை பட்டா உன் கண்ணாடி குருடாயிருமா? அந்தக் கையாலதான் தெனமும் சோறு போடறேன்."

"எனக்குப் போடுங்க நங்கையா, கண்ணாடிக்குத்தான் வேண்டாம்," என்றாள் வடிவு. பயணத்துக்கான துணிகளை அவள் வீட்டில் வைக்கவில்லை. துவைத்து, பட்டறையில் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

மே மாத முதல் வாரத்தில், கிரேட்டிங் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வடிவு பெங்களூரில் அகமதாபாத் ரயில் ஏறினாள்.